கம்பளியை விற்றுவிட்டுப் போனவர்கள்: ஊவாத் தோட்டங்களும் வெயிலும்

ஊவாத் தோட்டங்களிலிருந்து வெளிநாடு போகப் புறப்படுபவர்களுக்கு ஆயிரம் கேள்விகள். சம்பளம் எவ்வளவு, முகவருக்கு எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை வருடம் என்று அவை நீளும். இவற்றுக்கிடையே, கேட்கலாமா வேண்டாமா என்ற தயக்கத்தோடு ஒரு கேள்வியும் வந்து விழும்: "அங்கே வெயில் எப்படி இருக்கும்?" பத்திரிகைத் தொழிலில் இருந்த காலமெல்லாம் பண்டாரவளையிலும் பசறையிலும் ஹாலிஎலவிலும் இக்கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் டோகாவுக்கோ குவைத்துக்கோ போகவிருந்த பிள்ளைகள். அவர்களுடைய பாட்டன் பாட்டிகளும் இதே கேள்வியைக் கேட்டவர்கள்தாம். அவர்கள் போகவிருந்தது வளைகுடாவுக்கன்று, இந்தியாவுக்கு.

மலையகத் தமிழரின் வரலாற்றைக் குடியுரிமையின் வழியாகவும் சம்பளப் போராட்டத்தின் வழியாகவும் எழுதியிருக்கிறார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் அவ்வரலாற்றை உடம்பின் வழியாகவும் ஒருமுறை பார்க்கலாம் என்பது என் எண்ணம். வெயிலிலிருந்து குளிருக்கு வந்து, நான்கைந்து தலைமுறை குளிருக்குப் பழகி, மீண்டும் வெயிலுக்கு அனுப்பப்பட்ட உடம்பு அது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுகிறேன். மலைநாடு என்றாலே நுவரெலியாக் குளிர் என்று வெளியூர் வாசகர்கள் நினைப்பதுண்டு. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருப்பது. மதிய வேளையில் அங்கே வியர்க்கும். பண்டாரவளை 1,200 மீற்றரைத் தாண்டியது. அப்புத்தளை 1,400 மீற்றரைத் தாண்டியது. நமுனுகுல மலை 2,000 மீற்றருக்கு மேல். ஆகவே 'ஊவாத் தோட்டம்' என்ற ஒரு சொல்லுக்குள் பல தட்பவெப்பங்கள் அடங்கியிருக்கின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊவாவுக்கென்று ஒரு சுடுகாற்று உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் ஹற்றன், நுவரெலியாப் பக்கத்து மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி வெறுங்கையோடு ஊவாவுக்குள் இறங்கும். இறங்க இறங்க அது சூடேறி உலர்ந்துபோகும். அதுதான் கச்சான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அது வீசும் காலத்தில் தேயிலைச் செடி தவிக்கும். அந்தத் தவிப்பே கொழுந்துக்கு ஒரு தனி மணத்தைக் கொடுக்கிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்கு உள்ள பெயருக்குக் காரணம் அந்த வறட்சிதான். எனவே ஊவாத் தோட்டத்தார் வெயிலையே அறியாதவர்கள் அல்லர். அவர்கள் அறிந்தது இரவில் ஆறிப்போகிற வெயில். கச்சான் வீசுகிற நாளிலும் அந்தி சாய்ந்தால் போர்வை தேடவேண்டிய ஊர் அது. லயத்துக்குப் பின்னால் பீலியில் விழுகிற தண்ணீர் நடுப்பகலிலும் பல்லைக் கூசவைக்கும். இரவிலும் ஆறாத வெயில் என்பது அவர்களுக்குக் கதையாகக் கேட்ட சங்கதி மட்டுமே.

ஆனால் அவர்களுடைய முன்னோர் அந்த வெயிலிலிருந்துதான் வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் ஏராளம். உயிர் தப்பி மலையேறியவர்களைக் காத்திருந்தது குளிர். புஞ்சைக்காட்டு உடம்பு, ஒற்றை வேட்டி, நனைந்த லயத்து மண்தரை. நெஞ்சுச்சளியும் வயிற்றுப்போக்கும் அவர்களை அள்ளிக்கொண்டு போயின.

அந்தக் குளிருக்கென்று தோட்ட நிர்வாகம் செய்த ஆயத்தம் ஒன்றே ஒன்று: கம்பளி. கறுப்புக் கம்பளி. அதுவும் இலவசமன்று, அதன் விலை தொழிலாளியின் கணக்கில் எழுதப்பட்டது. கங்காணியிடம் வாங்கிய முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கூடி ஒரு கடனாகி, அக்கடன் 'துண்டு' என்ற சீட்டில் ஏறி, தோட்டத்துக்குத் தோட்டம் அவனைப் பின்தொடர்ந்தது. துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. கம்பளி நிலைத்துவிட்டது. இடுப்பில் படங்கும் தலையிலிருந்து முதுகு வரை கம்பளியுமாக மழையில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் தோற்றம் மலைநாட்டின் அடையாளமே ஆகிவிட்டது. குளிரிலிருந்து காத்துக்கொள்வதற்கே கடன்பட வேண்டியிருந்தது என்பதை அந்தத் தோற்றத்தை இரசிப்பவர்கள் நினைப்பதில்லை.

இங்கே மண்டபம் முகாமையும் சொல்லவேண்டும். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே புகைவண்டியோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கிய பிறகு, இலங்கைக்குப் போகும் தொழிலாளர் மண்டபத்தில் சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டனர். இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. கொள்ளைநோயும் வாந்திபேதியும் கடல் தாண்டக்கூடாது என்பதற்காக அங்கே அவர்களைக் குளிப்பாட்டினார்கள், அம்மைப்பால் குத்தினார்கள், மருந்து அடித்தார்கள். ஒரு மனிதக் கூட்டத்தை நாட்கணக்கில் நிறுத்தி, உணவு கொடுத்து, பரிசோதித்து, அதன்பிறகு அனுப்பும் நிர்வாகத் திறமை அன்றைக்கே இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பின்னால் இது தேவைப்படும்.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் வதிவுச் சட்டமும் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கின. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 9,75,000 பேர் என்று தலை எண்ணினார்கள். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரின் தலைவிதி பிறகு. அந்தப் 'பிறகு' 1974 ஜனவரியில் வந்தது. சிறிமாவோவும் இந்திரா காந்தியும் 75,000, 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டனர். சந்தையில் ஆட்டு மந்தையைப் பிரிப்பவர்கள்கூட ஒவ்வோர் ஆட்டையும் தொட்டுப் பார்ப்பார்கள். ஒப்பந்தத்தில் பதினைந்து ஆண்டுக் கால அட்டவணை இருந்தது, விகிதாசாரம் இருந்தது, சேமலாப நிதியைக் கொண்டுபோவது பற்றியும் இருந்தது. எந்தத் தட்பவெப்பத்திலிருந்து எந்தத் தட்பவெப்பத்துக்கு இம்மக்களைப் பெயர்க்கிறோம் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

விண்ணப்பம், விசாரணை, கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த கடவுச்சீட்டு, குடும்ப அட்டை என்று படிகள் பல. குடும்ப அட்டையில் இந்தியாவில் இக்குடும்பத்துக்கு என்ன மறுவாழ்வு உதவி என்பது குறிக்கப்பட்டிருக்கும். ஒரு சாராருக்குத் தோட்ட வேலை, பெரும்பாலோருக்கு வியாபாரக் கடன். வதிவு விசா முடியும் தேதியே புறப்படும் நாளைத் தீர்மானித்தது. அது மார்கழியாக இருந்தாலும் சரி, அக்கினி நட்சத்திரமாக இருந்தாலும் சரி. தேதி கடந்தவர்களைத் தேடிப் பொலிஸார் வந்ததும் உண்டு. போதாததற்கு 1973, 74, 75 ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டங்களைச் சூறையாடியிருந்தது. போகமாட்டோம் என்று இருந்தவர்களும் பசியால் பெயர் கொடுத்தார்கள்.

பதுளை நகரில் என் தந்தையார் சிறு கடையொன்று வைத்திருந்தார். எழுபதுகளின் கடைசியில் நான் பள்ளிச் சிறுவன். 'பாஸ்போர்ட் வந்தவர்கள்' சாமான் வாங்க வருவார்கள். தகரப் பெட்டி, பூட்டு, அலுமினியச் சட்டி, பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை. அவர்கள் தவறாமல் கேட்ட இன்னொரு பொருள் இரப்பர்ச் செருப்பு. மலையில் வெறுங்காலோடு ஏறி இறங்கியே பழகியவர்கள் குடும்பம் முழுவதற்கும் செருப்பு வாங்குவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. காரணம் பின்னர்தான் விளங்கியது. முன்னே போனவர்கள் நீலநிற வான்கடிதங்களில் எழுதியிருந்தார்கள்: இங்கே தரை சுடுகிறது, பிள்ளைகளின் கால் கொப்பளிக்கிறது, செருப்பில்லாமல் வராதீர்கள். வெயிலுக்கான ஆயத்தம் என்று அவர்கள் செய்ததில் உருப்படியானது அந்தச் செருப்புத்தான். அதைச் சொல்லிக் கொடுத்தது அரசாங்கமன்று. முன்னே போய்ச் சுட்டுக்கொண்டவர்கள்.

அக்கடிதங்கள் இன்னோர் அறிவுரையும் சொல்லின: கம்பளியைச் சுமந்துகொண்டு வராதீர்கள், இங்கே அதற்கு வேலையில்லை, விற்றுவிடுங்கள். அப்படியே பலர் விற்றார்கள். அயல் லயத்தார் வாங்கிக்கொண்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு முதியவளைச் சந்தித்தேன். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். கம்பளிகள் நான்கையும் விற்றுவிட்டு, கணவனோடும் பிள்ளைகளோடும் கப்பல் ஏறியிருக்கிறாள். மண்டபத்து வெக்கையில் மூன்று வாரம். அப்புறம் நீலகிரிக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் இரவே உறைபனி. "வித்த கம்பளிய நெனச்சு அழுதேன் தம்பி, ஊர நெனச்சுகூட அப்பிடி அழுவல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பதுளையிலிருந்து அவர்கள் ஏறிய புகைவண்டியை மலைநாட்டார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். கோச்சி என்பது அங்கே புகைவண்டிக்குப் பெயர். பதுளைக்கு இருப்புப்பாதை வந்தது 1924 இல். ஏற்றிவிட வந்தவர்களும் ஏறியவர்களும் ஒருசேர அழுததால் அந்தப் பெயர். அந்தப் பயணத்தை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். தெமோதரையில் பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு தன் அடியிலேயே புகுந்து செல்லும். எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை, ஒஹிய என்று ஏறி, பட்டிப்பொலைக்கு அருகே ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இலங்கை இருப்புப்பாதையின் உச்சியைத் தொடும். சன்னல்களை அடைத்துக்கொண்டு பிள்ளைகள் நடுங்குகிற இடம் அது. அங்கிருந்து நானுஓயா, ஹற்றன், கடுகண்ணாவை என்று இறங்கிப் பொல்காவலையில் வடக்கே திரும்பி, மாகோ, அனுராதபுரம், மதவாச்சி, மன்னார், தலைமன்னார்த் துறை. இலங்கையின் மிகக் குளிர்ந்த இருப்புப்பாதை நிலையங்களில் ஒன்றிலிருந்து மிக வறண்ட நிலையங்களில் ஒன்றுக்கு, ஒரு பகலும் ஓர் இரவுமாக. பிறகு இராமானுஜம் கப்பல். ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதங்கூட ஆகுமுன்னர், 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனது. அதனால் கப்பல் இராமேசுவரத்தில் போய் நின்றது. அங்கிருந்து மண்டபம். கொள்ளுப்பாட்டன் அம்மைப்பால் குத்திக்கொண்டு இலங்கைக்குப் புறப்பட்ட அதே முகாமில் கொள்ளுப்பேரன் வந்து இறங்கினான்.

உடம்பு இப்படிப்பட்ட மாற்றத்தை எப்படி ஏற்கும்? மருத்துவர்கள் இதில் ஒருமித்த கருத்துடையவர்கள். வெப்பத்துக்குப் பழக மனித உடலுக்கு ஏழு முதல் பதினான்கு நாட்கள் தேவை. சும்மா நிழலில் உட்கார்ந்திருந்தால் பழக்கம் வராது. வெப்பத்தில் உடம்பை அசைத்து, நாளும் ஒன்றரை இரண்டு மணி நேரம் வியர்க்க வைத்தால்தான் வரும். அந்த நாட்களில் குருதியில் நீரின் அளவு கூடுகிறது. இதயத்தின் படபடப்புக் குறைகிறது. வியர்வை முன்னதாகவே தொடங்கி அதிகமாகச் சுரக்கிறது, ஆனால் அதில் உப்பு குறைந்துவிடுகிறது. இவையெல்லாம் நடந்தேறுமுன் முழு வேலையில் இறக்கப்படுகிறவன்தான் சுருண்டு விழுகிறான். வேலைத்தலங்களில் வெப்பத்தால் நேரும் சாவுகளில் பெரும்பங்கு முதல் சில நாட்களிலேயே நேர்வது இதனால்தான். புதியவனுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, அடுத்த நாள் ஐந்தில் இரண்டு என்று கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது இன்று அமெரிக்க அரசின் தொழில்நலப் பரிந்துரை. பழகிய உடம்பும் வெப்பத்தைவிட்டு மூன்று நான்கு வாரம் விலகியிருந்தால் பெரும்பாலும் பழக்கத்தை இழந்துவிடும்.

இதெல்லாம் அண்மைக்கால ஞானம், அன்றைக்கு யாருக்குத் தெரியும் என்று சொல்லித் தப்ப முடியாது. தென்னாபிரிக்காவின் விற்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் 1924 இலேயே வெப்பத்தாக்கத்தால் தொழிலாளர் இறக்கத் தொடங்கினர். அச்சுரங்கங்களுக்கு ஆள் வந்த இடங்களில் ஒன்று பசுத்தோலாந்து, இன்றைய லெசோத்தோ. பனி விழுகிற மலைநாடு. பூமிக்குள் ஆழத்தில் இருந்ததோ ஈரமும் அனலும். 1930களில் சுரங்க மருத்துவர்கள் சோதனைகள் செய்து, புதிதாக வருகிறவர்களைப் படிப்படியாகச் சூட்டுக்குப் பழக்கும் முறையை வகுத்தார்கள். பின்னர் அதற்கென்றே நீராவி நிரப்பிய கூடங்களைத் தரைமேல் கட்டி, நாளும் சில மணி நேரம் படியேறி இறங்கச் செய்து, உடல்சூட்டை அளந்து, தேறியவர்களை மட்டும் சுரங்கத்தில் இறக்கினார்கள். கறுப்பின மக்களை மனிதராக மதிக்காத ஓர் ஆட்சியில் இது நடந்தது. கருணை காரணமன்று, தங்கம் காரணம். செத்த தொழிலாளியால் தங்கம் தோண்ட முடியாது. இந்த ஆய்வுகள் அச்சாகி முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நம்மவர்கள் புறப்பட்ட பிறகு யாருக்கும் தங்கமாக இருக்கவில்லை என்பதுதான் வேறுபாடு. மண்டபம் முகாமில் கிருமிக்காக நாட்கணக்கில் நிறுத்திவைக்கத் தெரிந்த நிர்வாகம், வெயிலுக்குப் பழகட்டும் என்று இரண்டு வாரம் அரை வேலை கொடுத்திருக்க முடியாதா என்ன?

என் பார்வையில் இன்னோர் இழப்பும் இதில் உண்டு. அது சமையலறை இழப்பு. வறண்ட தமிழ்நாட்டு உழவர் வீட்டில் கோடையைச் சமாளிக்கும் ஒரு முழுக் கல்வி இருந்தது: இரவு நீரூற்றிய சோறு, காலையில் அந்த நீராகாரத்தில் உப்பும் சின்ன வெங்காயமும், கேப்பைக் கூழ், மோர், நுங்கு, பானகம், சனிக்கிழமை நல்லெண்ணெய் முழுக்கு. நீரும் உப்பும் ஒருங்கே உள்ளே போகிற ஏற்பாடு இது. மலையில் இதற்குத் தேவையில்லாமல் போயிற்று. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் காலையுணவாயின. குளிரில் கூழும் நீராகாரமும் யாருக்கு இறங்கும்? திரும்பிப் போனபோது, ஊர்க்காரன் காலையில் ஒரு செம்பு நீராகாரம் குடித்துவிட்டு வெயிலில் இறங்க, இவர்கள் சுடச்சுடத் தேநீரும் ரொட்டித் துண்டுமாக இறங்கினார்கள். தேநீர் தீங்கில்லை, உப்புத்தான் இல்லை. 'சிலோன்காரங்க வெயில் தாங்கமாட்டாங்க' என்ற ஏளனத்தில் இனமோ இரத்தமோ காரணமன்று.

எத்தனை பேர் போனார்கள்? 1984 இல் கப்பற் சேவை நிற்கும்வரை, பிறந்த குழந்தைகளையும் சேர்த்து நான்கரை இலட்சத்துக்கும் அதிகமானோர். தமிழக அரசு 1968 இல் நீலகிரியில் இவர்களுக்கென்று தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் 'டான்டீ' என்னும் கழகமாயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், வால்பாறை என்று பரவிய இத்தோட்டங்களுக்குப் போனவர்கள் வெயிலிலிருந்து தப்பினார்கள். கேரளத்தில் புனலூர், கர்நாடகத்தில் சுள்ளியா ஆகிய இடங்களின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சிலர். ஆனால் பெரும்பாலோர் கையில் கிடைத்தது 5,000 ரூபாய் அளவிலான வியாபாரக் கடன். தராசு பிடித்தறியாத கையில் வியாபாரக் கடன்! அது தரகர்களிடமும் சாப்பாட்டிலும் கரைந்தது. சமவெளியில் கல்லுடைக்கவும் சாலை போடவும் போனார்கள். அங்கே நிற்க முடியாதவர்கள் தாமாகவே மலை தேடிப் புறப்பட்டார்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இப்படி ஏறியவர்கள் ஏராளம். கொடைக்கானல் காடுகளில் மரம் வெட்டும் வேலையில் கொத்தடிமைகளாக அவர்கள் சிக்கியிருந்தது எண்பதுகளில் வெளிவந்தது.

ஏன் மலைக்கு ஏறினார்கள்? தெரிந்த வேலை அங்கேதான் இருந்தது என்பது ஆய்வாளர் சொல்லும் காரணம். உண்மைதான். ஆனால் நான் கேட்டவர்கள் அனைவரும் வேலையை இரண்டாவதாகவே சொன்னார்கள். முதலில் சொன்னது வெக்கை. வேர்க்குரு, வேனற்கட்டி, தூக்கமில்லாத இரவு, பிள்ளைக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. கூடலூரில் ஒரு பெரியவர், பசறைக்காரர், அழகாகச் சொன்னார்: "சீமையில சோறு இருந்துச்சு, தண்ணி குடிக்கிற மாதிரி இல்ல." பீலித் தண்ணீரைத்தான் அவர் சொன்னார்.

அந்த நீலகிரியும் நிலையாகவில்லை. டான்டீ நட்டத்தில் விழுந்து, 2022 இல் அதன் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக்கொடுக்கத் தமிழக அரசு ஆணையிட்டது. ஓய்வுபெற்றவர்கள் லயத்தைக் காலி செய்யவேண்டிய நெருக்கடி. அறுபது வயதுக்கு மேல் கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ இறங்குவது எளிதன்று. முதுமையில் உடம்பு வெப்பத்துக்குப் பழகும் ஆற்றலும் குறைந்துவிடும்.

இந்தியா போகாமல் வெயிலுக்குப் போனவர்களும் உண்டு. 1958, 1977, 1981, 1983 வன்செயல்களில் அடிபட்டு ஊவாவிலிருந்தும் பிற மலை மாவட்டங்களிலிருந்தும் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்கள். மருத்துவர் இராசசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் நடத்திய காந்தீயம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்தியது. வன்னி வெயிலில் காடு வெட்டிக் கிணறு தோண்டிய அந்த மலைநாட்டாரின் கதை தனியாக எழுதப்பட வேண்டியது. இராசசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

ஹாலிஎலவுக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப், 2022 இல் மறையும்வரை, பதுளைத் தோட்டங்களின் அன்றாடத்தைக் கதைகளாக எழுதிவந்தார். அந்த அன்றாடத்துக்குள் எண்பதுகளிலிருந்து ஒரு புதிய காட்சி நுழைந்தது: வெளிநாட்டுக்குப் போன தாய். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. போகுமுன் பயிற்சி என்ற ஏற்பாடும் பின்னர் வந்தது. மின்சார அடுப்பு, சலவை இயந்திரம், தூசு உறிஞ்சி, கொஞ்சம் அரபு. வேண்டியவைதாம். பயிற்சிக்குப் போய்வந்த தோட்டத்துப் பெண்களிடம் வெயிலைப் பற்றி என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால், "வெளிய போனா தலைய மூடிக்கச் சொன்னாங்க" என்பதற்கு மேல் அதிகம் கிடைப்பதில்லை.

ஆண்களின் நிலை இன்னும் கடினம். மலையிலிருந்து பாலைக்குப் போகிறவனுக்கு என்ன நேர்கிறது என்பதை நேபாளிகள் காட்டியிருக்கிறார்கள். 2009 முதல் 2017 வரை கத்தாரில் இறந்த நேபாளத் தொழிலாளரின் சாவுப் பதிவுகளை ஆராய்ந்து 2019 இல் வெளியான ஆய்வு, இதயநோயால் என்று பதியப்பட்ட 571 சாவுகளில் 200 வரை வெப்பத்திலிருந்து பாதுகாத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை என்று கணித்தது. இருபது முப்பது வயது இளைஞர்கள். அவ்விளைஞர்கள் சார்பாக எழுந்த குரல்களின் பயனாகக் கத்தார் 2021 இல் விதியைக் கடுமையாக்கியது: ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணி முதல் மாலை 3.30 வரை திறந்தவெளி வேலை கூடாது; ஈரப்பதத்தையும் வெயிலையும் சேர்த்து அளக்கும் வெப்பச் சுட்டி 32.1 பாகையைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலை நிறுத்தம். ஐக்கிய அரபு நாடுகளில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை தடை. குவைத்தில் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் 11 முதல் 4 வரை. இவை யாவும் திறந்தவெளித் தொழிலாளருக்கு. மாடியில் துணி காயப்போட்டு, வாகனம் கழுவி, குளிரூட்டியில்லாத சமையலறையில் நிற்கும் வீட்டுப் பணிப்பெண்ணை இவ்விதிகள் தொடுவதில்லை.

ஊவாவிலிருந்து புறப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிவருவதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். உங்கள் மாகாணத்துக்குள்ளேயே ஒரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. எல்லக் கணவாயில் இறங்கினால் வெல்லவாய. பசறை வழியே இறங்கினால் மொனராகலை. வடக்கே இறங்கினால் மகியங்கனை. மலையடிவாரத்து இந்த ஊர்களில் ஆண்டின் நடுப்பகுதியில் 33, 34 பாகை சாதாரணம். வளைகுடாவின் அனலோடு இதை ஒப்பிட முடியாது. ஆனால் அப்புத்தளையிலிருந்து நேரே போய் இறங்குவதற்கும் மகியங்கனையில் இரண்டு வாரம் உறவினர் வீட்டில் தங்கி, நாளும் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நடந்தோ தோட்டவேலை செய்தோ வியர்த்துவிட்டுப் போவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. முதல் நாள் அரைமணி நேரம் போதும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். தலைசுற்றினால், குமட்டினால் நிழலுக்கு வந்துவிடவேண்டும். இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கக்கூடாது. சிறுநீர் மஞ்சளாகிக் கறுத்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். வெறும் தண்ணீரை மட்டும் குடங்குடமாகக் குடிக்காமல் உப்பிட்ட கஞ்சியையும் மோரையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். பாட்டிமார் இருந்தால் நீராகாரத்தை அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மறந்திருக்கமாட்டார்கள்.

அங்கிருந்து மலைக்குத் திரும்பி ஒரு மாதம் காத்திருந்தால் பழக்கம் போய்விடும். ஆகவே பயணத் தேதி உறுதியான பிறகே இறங்குங்கள். முகவரிடம் பேரம் பேச முடிந்தால் ஒக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் புறப்படும் தேதியைக் கேளுங்கள். கோடை நடுவில்தான் போகவேண்டும் என்றால், முதல் வாரம் என்ன வேலை, எத்தனை மணி நேரம், குடிதண்ணீர் எங்கே என்ற மூன்றையும் ஏறுமுன் கேட்டு, பதிலை ஒரு தாளில் எழுதி, அதன் பிரதி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கம்பளியையும் விற்கவேண்டாம்.